பீரோவில் கிடக்கும் தினாரும் ரியாலும்: கெடு முடியுமுன் எடுத்துப் பாருங்கள்

திருச்சியில் அந்நியச் செலாவணி மாற்றும் கவுன்டரில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். விடுப்பில் வருகிறவர்களும், எக்ஸிட் அடித்து, அதாவது வேலை விசாவை முடித்துக்கொண்டு, ஊரோடு வந்துவிடுகிறவர்களும், உம்ரா சென்று திரும்புகிறவர்களும் கையில் மிஞ்சிய வளைகுடா நாட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். அவர்கள் அனைவரும் முதலில் கேட்பது, "இன்றைக்கு ரேட் என்ன?" என்பதுதான். ஆனால் ரேட்டில் ஒருவர் இழப்பது சில நூறு ரூபாயாக இருந்தால், செல்லாத நோட்டை வைத்திருந்து இழப்பது முழுத்தொகையாக இருக்கிறது. தினாரும் ரியாலும் தங்கத்தைப் போல எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் மதிப்பு மாறாதவை என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம்.

குவைத்தை எடுத்துக்கொள்வோம். 1990 இல் ஈராக் படையெடுத்தபோது கொள்ளை போன நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டு, விடுதலைக்குப் பிறகு 1991 இல் புதிய நோட்டுகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 1994 இல் ஐந்தாம் வரிசையாக (ஒரே வடிவமைப்பில் வெளியிடும் நோட்டுத் தொகுப்பை வரிசை என்பார்கள்) வெளியான நோட்டுகளைத்தான் நம்மவர்களில் பெரும்பாலோர் கையில் வாங்கிப் பழகியிருக்கிறார்கள். 2014 இல் ஆறாம் வரிசை வெளியானதைத் தொடர்ந்து, 2015 அக்டோபரில் ஐந்தாம் வரிசை நோட்டுகள் கடைகளில் செல்லாமல் போயின. குவைத் மத்திய வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்வதற்கான வாய்ப்பும் 2025 ஏப்ரல் 18 உடன் முடிந்துவிட்டது. ஓமானில் 1995 இல் தொடங்கி வெளியான பழைய நோட்டுகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக 2024 ஜனவரி 7 அன்று அறிவித்த அந்நாட்டு மத்திய வங்கி, அவற்றை மாற்றிக்கொள்ள 2024 டிசம்பர் 31 வரைதான் அவகாசம் கொடுத்தது. கத்தாரில் 2020 டிசம்பரில் ஐந்தாம் வரிசை வந்த பின், பழைய நான்காம் வரிசை நோட்டுகள் 2021 இல் செல்லாதவையாயின. அங்கே மட்டும், பத்தாண்டுகள் வரை கத்தார் மத்திய வங்கியில் அவற்றைக் கொடுத்து மதிப்பைப் பெறும் உரிமை உண்டு.

இந்த அறிவிப்புகள் அந்தந்த நாட்டுப் பத்திரிகைகளில் வந்தன. அங்கே வேலையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஊர் திரும்பியவர்களின் காதுக்கு எட்டவில்லை. கெடு முடிந்த பிறகு புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நிடோ பால்பவுடர் டப்பாவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த இருபது தினார் நோட்டுகளை எடுத்து வைத்தார். மடிப்புகூடக் கலையாத நோட்டுகள். "அவுக கையால எடுத்து வச்ச பணம் தம்பி. பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்கலாம்னு தொடாம வச்சிருந்தேன்" என்றார். ஒவ்வொரு நோட்டும் ஐயாயிரம் ரூபாய்க்குமேல் பெற்றிருக்க வேண்டியது. அத்தனையும் குவைத்தின் ஐந்தாம் வரிசை. அவரிடம் அதைச் சொல்வதைத் தவிர என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் சில மாதங்களுக்கு முன் அந்த டப்பாவைத் திறந்து, குவைத் சென்றுவரும் நம்பகமான உறவினர் ஒருவரிடம் விசாரித்திருந்தால், அது அந்தப் பெண்ணின் கல்யாணச் செலவுக்கு உதவியிருக்கும்.

ஆகவே, உங்கள் வீட்டில் உள்ள நோட்டுகளை அந்தந்த நாட்டு மத்திய வங்கியின் இணையதளத்தில் உள்ள படங்களோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையேல் படமெடுத்து எங்களைப் போன்றோரிடம் காட்டிக் கேளுங்கள். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. எல்லாப் பழைய நோட்டும் செல்லாது என்று முடிவுகட்டுவதும் தவறு. அமீரகத்தில் 2021 டிசம்பரில் 50 திர்ஹாம் பாலிமர் நோட்டு வெளியாகி, பின்னர் மற்ற மதிப்புகளும் பாலிமரில் வரத் தொடங்கின. ஆனால் அதனால் காகித நோட்டுகள் செல்லாமல் போய்விடவில்லை. இதைத் தெரிந்துகொண்டே, "இது பழசு, யாரும் வாங்கமாட்டார்கள்" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள்.

ஓமான் நோட்டில் இன்னொரு கவனம் தேவை. ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. ஆகவே 100 என்ற எண் பெரிதாக அச்சிட்ட 100 பைசா நோட்டு, ரியாலில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு ரியால் இருநூறு ரூபாய்க்குமேல் போகிறது என்று கேள்விப்பட்டவரிடம் இந்த நோட்டைக் காட்டி ஏமாற்றுவது எளிது. இதைவிடக் கொடியது, பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் நடக்கும் திர்ஹாம், ரியால் மோசடி. ஏழையைப் போலத் தோன்றும் ஒருவர் அசல் நோட்டு ஒன்றைக் காட்டி, இதுபோல ஒரு கட்டு இருக்கிறது, மாற்றத் தெரியவில்லை, குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பார். நீங்கள் அந்த ஒரு நோட்டை எங்களிடம் கொண்டுவந்தால் நாங்களும் அசல் என்றுதான் சொல்வோம். பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தால் செய்தித்தாளும் சோப்புக்கட்டியும் இருக்கும். ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாத யாரிடமும் அந்நியப் பணத்தை வாங்குவதும் விற்பதும் ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவதாகும் என்பதால், ஏமாந்தவர் புகார் கொடுக்கவே தயங்குகிறார். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

சில்லறைக் காசுகளைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாங்கிய நோட்டுகளை மொத்தமாக விற்றுவிட முடிகிறது. எடை மிகுந்த காசுகளை அப்படித் தள்ள வழியில்லாததால் பெரும்பாலான கவுன்டர்களில் அவற்றை எடுப்பதில்லை. சவூதியில் 2018 முதல் ஒரு ரியால் நோட்டுக்குப் பதிலாக நாணயம் புழக்கத்துக்கு வந்ததால், ஒவ்வொன்றும் இருபது ரூபாய்க்குக் குறையாத காசுகளை இப்போது பலர் பையோடு கொண்டுவருகிறார்கள். கிளம்பும் வாரத்திலேயே அவற்றைப் பகாலாவில் (அங்குள்ள மளிகைக்கடையில்) செலவழித்துவிடுங்கள், அல்லது அறைத்தோழரிடம் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டாகவே இருந்தாலும், பேனாவால் எழுதியது, ஸ்டேப்ளர் குத்தியது, ஓரம் கிழிந்தது ஆகியவற்றை இங்கே தள்ளிவிடுவார்கள். அங்கேயே வங்கியில் கொடுத்து நல்ல நோட்டாக வாங்கிவருவது நல்லது. கடைசிச் சம்பளத்தையும் கணக்கு முடித்த தொகையையும் ரொக்கமாகக் கொண்டுவராமல் வங்கி வழியாக அனுப்பிவிடுவதே பாதுகாப்பு. ரொக்க நோட்டுகள் 5,000 டாலர் மதிப்புக்குமேல் இருந்தால், விமான நிலையச் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நகல் இல்லாமல் பெருந்தொகையை எங்களாலும் வாங்க முடியாது. வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கிலும் போட முடியாது.

இங்கேயே வசித்துக்கொண்டு உம்ராவுக்கோ சுற்றுலாவுக்கோ சென்று வந்தவர்கள், 2,000 டாலர் மதிப்புக்குமேல் மீந்த நோட்டுகளை 180 நாட்களுக்குள் மாற்றியாக வேண்டும் என்பது விதி. அங்கேயே வசித்து வேலை செய்து ஈட்டியதை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும், அந்த நோட்டுக்கு எப்போது கெடு அறிவிப்பார்கள் என்பது அந்நாட்டு மத்திய வங்கியின் கையில் இருக்கிறது.

கவுன்டருக்கு வரும்போது பாஸ்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். பலகையில் இருக்கும் விற்பனை விலையைப் பார்க்காதீர்கள். உங்களிடமிருந்து வாங்கும் விலை என்ன, அதில் என்ன பிடித்தம், கைக்கு எவ்வளவு வரும் என்று பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பணம் மாற்றியதற்கான சான்றான என்கேஷ்மென்ட் சர்டிபிகேட் வாங்காமல் நகராதீர்கள். 25,000 ரூபாய் வரையிலான மாற்றத்துக்கு, தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஜிஎஸ்டி 45 ரூபாய் என்பதால், இன்றைக்கு நூறு ரியால், அடுத்த வாரம் ஐம்பது திர்ஹாம் என்று பிரித்துக் கொண்டுவராமல், வீட்டில் உங்களுடையதாக இருப்பதையெல்லாம் சேர்த்து ஒரே பில்லில் மாற்றிக்கொள்ளுங்கள். கத்தாரின் நான்காம் வரிசை நோட்டுகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொரு நோட்டிலும் அச்சிட்டுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, தோஹாவுக்குப் போகும் சொந்தக்காரர் யார் என்று இப்போதே விசாரியுங்கள்.