வாத்துக்கு உடம்பு சரியில்லையா? மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் நடக்கும் தவறுகள்

வாத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்." அவர்கள் பொய் சொல்வதில்லை. நரியும் பருந்தும் கூட்டத்தில் தளர்ந்து தெரியும் பறவையைத்தான் முதலில் குறிவைக்கும். அதனால் நோயை மறைப்பது வாத்துக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். தீவனம் வைத்தால் மற்றவற்றோடு அதுவும் ஓடி வரும், அலகால் கிளறும், தின்பது போலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒரு வாய்கூட விழுங்கியிருக்காது. இனி மறைக்க முடியாது என்ற கட்டத்தில்தான் ஓரமாக உட்கார்ந்துவிடும். நாம் கவனிப்பதும் அப்போதுதான்.

ஆக, வாத்து சோர்ந்திருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே நேரம் கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டில் பாசத்தோடு செய்யும் சில காரியங்கள் நோயை முந்திக்கொண்டு உயிரை எடுத்துவிடுகின்றன. அக்கறையில்லாதவர்கள் இந்தத் தவறுகளைச் செய்வதில்லை, அவர்கள் எதையுமே செய்வதில்லை. செய்பவர்கள் எல்லாம் வாத்துக்குப் பெயர் வைத்து வளர்ப்பவர்கள்தான்.

அதில் முதலிடம் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதற்கு. நமக்கு மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள ஒரு மூடி உண்டு. பறவைகளுக்கு அது கிடையாது. வாத்தின் வாயைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் சின்னப் பிளவு போலத் தெரியுமே, அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். தெம்பாக உள்ள வாத்து விழுங்கும்போது அதை மூடிக்கொள்ளும். சோர்ந்து கிடக்கும் வாத்தால் முடியாது. சிரிஞ்சால் பீய்ச்சிய தண்ணீரோ, கஞ்சியோ, மருந்தோ நேராக நுரையீரலுக்குப் போய்விடும். நோயிலிருந்து பிழைத்திருக்கக்கூடிய வாத்துகள் இப்படி மூச்சடைத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். தலையை நிமிர்த்தி வைக்கத் தெம்பிருந்தால் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை அலகுக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள், தானாகக் குடிக்கட்டும். தலையே நிற்கவில்லை என்றால் வாய்வழியாக எதுவும் வேண்டாம். அந்த நிலையில் தோலுக்கடியில் ஊசி மூலம் நீர் ஏற்ற வேண்டும். தேவைப்பட்டால் உணவைக் குழாய் வழியாகக் கொடுப்போம். இரண்டுமே மருத்துவரின் கையில் நடக்க வேண்டியவை.

அடுத்தது, "தண்ணியில விட்டா தெளிஞ்சிடும்" என்று குளத்தில் இறக்கிவிடுவது. வாத்து நனையாமல் மிதக்கிறது என்றால், அது நாள் முழுக்கத் தன் இறகுகளைக் கோதி ஒழுங்குபடுத்தி, வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்துப் பூசிக்கொள்வதால்தான். நோயுற்றால் அது முதலில் விட்டுவிடும் வேலை இந்தக் கோதல். பிறகு தண்ணீரில் விட்டால் இறகு ஊறி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வாத்தின் இயல்பான உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நனைந்த உடம்பால் அதைத் தக்கவைக்க முடியாது. கழுத்தில் பலமில்லாத வாத்து, அரை அடித் தண்ணீரில்கூட மூழ்கிச் செத்துப்போகும்.

மூன்றாவது, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை. நமக்கு வாங்கிய வலி மாத்திரை, நாய்க்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக், யாரோ கோழிக்குக் கொடுத்து நன்றாகப் போனது என்று சொன்ன பொடி. பறவையின் சிறுநீரகமும் கல்லீரலும் வேறு கணக்கில் ஓடுபவை, நம் அளவு அதற்குப் பொருந்தாது. தப்பித்தவறி பாதிப்பு எதுவும் வராவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு: அரைகுறை ஆன்டிபயாடிக் போன உடம்பில், எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை பொய்யான விடை தரலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம்.

சரி, வேறு என்னதான் செய்வது? சூடு, இருட்டு, அமைதி. காற்றோட்டமுள்ள ஒரு பெட்டியில் வழுக்காத துண்டை விரித்து வாத்தை உட்கார வையுங்கள். வழுவழுப்பான தரையில் நிற்கத் திணறித் திணறியே பாதித் தெம்பு போய்விடும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்தோ, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வைத்தோ 28–30 டிகிரி சூடு வரச் செய்யுங்கள். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், அப்போதுதான் வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ள முடியும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம். மற்ற வாத்துகளிடமிருந்து பிரித்து வையுங்கள், ஆனால் அவற்றின் சத்தம் கேட்கும் தூரத்தில் வையுங்கள். ஒற்றையாக விடப்பட்ட வாத்து பதறிப்போய்ச் சாப்பாட்டையே மறந்துவிடும்.

தூக்கும்போது சிறகுகளை உடம்போடு சேர்த்து அணைத்து, பாதங்களுக்கு அடியில் கை கொடுங்கள். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், வாத்தின் கால் சட்டென்று உடையும். நெஞ்சை இறுக்கவும் கூடாது. பறவைகளுக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சே ஓடும். பயத்தில் துள்ளுகிறதே என்று குழந்தைகள் இறுக்கிப் பிடிப்பார்கள், அது ஆபத்து.

வாத்து வளர்ப்பில் நான் அதிகம் கேட்கும் புகார், "நடக்க மாட்டேங்குது". இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத காரணங்கள் இருக்கும்.

சில வாரக் குஞ்சு என்றால் முதலில் தீவனத்தைப் பற்றித்தான் கேட்பேன். கோழிக்குஞ்சுத் தீவனத்தையே போடுபவர்கள் நிறைய. பி வைட்டமின்களில் ஒன்றான நியாசினை, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பே தயாரித்துக்கொள்ளும் திறன் வாத்துக்கு மிகக் குறைவு. கறிக்கோழிக் குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் அளவில் நியாசின் இருந்தால் போதும், வாத்துக் குஞ்சுக்கு 55 மில்லிகிராம் வேண்டும். பற்றாக்குறை வந்தால் கால் மூட்டு வீங்கி, கால்கள் வில்லாக வளைந்து, குஞ்சு உட்கார்ந்தபடியே நகரும். ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டு வாத்துத் தீவனத்துக்கு மாற்றி நியாசினும் கொடுத்தால் நல்ல பலன் இருக்கும். எலும்பு வளைந்தே வளர்ந்துவிட்டால் நிமிர்த்துவது கஷ்டம். இத்தனைக்கும் சரியான தீவனத்தாலோ கொஞ்சம் ஈஸ்ட் சேர்ப்பதாலோ முழுக்கத் தடுக்கக்கூடிய ஊனம் இது.

வளர்ந்த வாத்து நொண்டினால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பாதத்தில் கறுப்பாக ஒரு பொருக்கும் சுற்றிலும் வீக்கமும் இருந்தால் அது பாதப்புண். சிமென்ட் தரையிலும் கூரான கற்களிலும் நடந்து தோல் கிழிந்த இடத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்திருக்கும். பறவைகளின் சீழ் நம்முடையதைப்போல ஒழுகாது, பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாக இருக்கும். அதனால் ஊசியால் குத்தி வெளியே எடுக்க முயல்வது வீண். தொடக்கத்தில் சுத்தம் செய்து கட்டுப்போட்டு மெத்தென்ற தரையில் வைத்தால் ஆறிவிடும். விட்டுவிட்டால் எலும்புவரை இறங்கும்.

பாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் கால் துவண்டு, பிறகு சிறகு தொங்கி, கடைசியில் கழுத்தும் நிற்கவில்லை என்றால் பொட்டுலிசம் என்ற நஞ்சு நோயைப் பற்றி யோசிக்க வேண்டும். வெயில் காலத்தில் தேங்கி அழுகிய தண்ணீரிலும் செத்த பிராணிகளிலும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி நஞ்சை உண்டாக்கும். செத்ததைத் தின்னும் புழுக்களின் உடம்பில் அந்த நஞ்சு சேரும், புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தின்ற வாத்து செத்துப்போகும். அதைப் புழு மொய்க்கும், அடுத்த வாத்து அந்தப் புழுவைத் தின்னும். ஒரு குளத்தில் வரிசையாகச் சாவு விழுவது இப்படித்தான். முழுக்கத் துவளும் முன் வந்து சேர்ந்தால் பிழைக்க வழி உண்டு. பறவைக் காய்ச்சல் சந்தேகம் இல்லையென்றால் குளத்தில் கிடக்கும் செத்தவற்றை எடுத்து அகற்றுங்கள், மற்ற வாத்துகளை அங்கே விடாதீர்கள்.

இன்னொரு காரணம் உலோகம். தீவனத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குவது வாத்தின் வழக்கம். ஆணி, திருகு, நாணயம், துத்தநாகம் பூசிய கம்பித் துண்டு, மீன்பிடிக்கும் ஈயக் குண்டு எல்லாமே அதற்குக் கல்தான். ஈயமும் துத்தநாகமும் வயிற்றில் மெதுவாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கும். சிறகு தொங்கும், எச்சம் அடர் பச்சையாகும், எடை குறையும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் துண்டு பளிச்சென்று தெரிந்துவிடும். நஞ்சைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தும் இருக்கிறது. வீட்டில் வேலி கட்டினால், தச்சு வேலை நடந்தால், கீழே சிந்தியதை ஒரு காந்தத்தால் தேடிப் பொறுக்கிவிடுங்கள். ஈயம் காந்தத்தில் ஒட்டாது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

பெட்டை வாத்து விஷயத்தில் ஒன்றை மட்டும் ஒரு இரவுகூடத் தள்ளிப்போடக் கூடாது. கால்களை அகட்டி நெட்டுக்குத்தலாக நின்று, வாலை மேலும் கீழும் ஆட்டி முக்குகிறது, முட்டை வரவில்லை என்றால் முட்டை சிக்கியிருக்கலாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு, கொழுப்பு, அளவுக்கு மீறிய முட்டை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வயிற்றை அழுத்திப் பிதுக்காதீர்கள், உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத் துண்டு முட்டைக் குழாயைக் கிழித்துவிடும். தலையை நிற்க வைக்கத் தெம்பிருந்தால், மருத்துவரிடம் கிளம்பும் முன் வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் கொஞ்ச நேரம் நீங்களே பிடித்து உட்கார வைத்து, பிறகு நன்றாகத் துவட்டிவிடலாம். குளத்தில் விடாதே என்று மேலே சொன்னதும் இதுவும் வேறு வேறு. கால்சியம் ஊசி போட்டதும் பல வாத்துகள் தாமாகவே முட்டையிட்டுவிடும்.

பூஞ்சையால் வரும் கோளாறுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரமான வைக்கோலில் வளரும் பூஞ்சை நுரையீரலில் போய்க் குடியேறும், அதற்கு வைத்தியம் நீண்டது, பல நேரம் தோற்பது. பூசணம் பிடித்த தீவனம் அதைவிட மோசம். அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் நஞ்சை மிகக் குறைந்த அளவில்கூடத் தாங்காதவை வாத்துக் குஞ்சுகள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து, கடைசியில் கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தீவனத்தில் பூசண வாசனை வந்தால் மூட்டையோடு தூக்கிப் போடுங்கள், வெயிலில் காயவைத்தால் நஞ்சு போகாது.

எல்லாமே நோய் என்றும் பயப்பட வேண்டாம். குஞ்சாக இருந்தபோது கீச்சென்று கத்திய வாத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று கவலையோடு கொண்டு வருவார்கள். பரிசோதித்தால் ஒன்றுமிருக்காது, அது ஆண்! "குவாக்" என்று உரக்கக் கத்துவது பெட்டைதான், ஆண் வாத்தின் குரல் வளர வளரக் கரகரத்துவிடும். இறகு உதிர்க்கும் காலத்தில் வாத்து மந்தமாகி முட்டையையும் நிறுத்தும். அதுவும் இயல்பு. இயல்பா, நோயா என்று தெரிய எளிய வழி எடைதான். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். நெஞ்செலும்பு விரலுக்குக் கூராகத் தட்டுப்படுவதற்கு வெகு முன்பே எண் காட்டிக்கொடுத்துவிடும்.

மருத்துவரைத் தேடுவதை வாத்து நன்றாக இருக்கும்போதே செய்து வையுங்கள். நாய், பூனை மட்டுமே பார்க்கும் கிளினிக்குகள் நிறைய. போனில் மூன்றே கேள்வி கேளுங்கள்: வாத்து பார்ப்பீர்களா, எக்ஸ்ரே இருக்கிறதா, இரவில் அவசரம் என்றால் எங்கே போவது? போகும்போது அன்றைய எச்சத்தின் படம், நடக்கும் விதத்தின் வீடியோ, தீவனத்தில் ஒரு கைப்பிடி, அது எங்கெல்லாம் மேயும் என்ற தகவல், கொடுத்த மருந்துகளின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வாத்தால் வாய் திறந்து சொல்ல முடியாததில் பாதியை இவை சொல்லிவிடும்.

மருந்து எழுதும்போது நாங்கள் சில ஆன்டிபயாடிக்குகளைத் தவிர்த்தால் வருத்தப்படாதீர்கள். பல நாடுகளின் சட்டப்படி வாத்து உணவுக்கான பறவை, நீங்கள் அதை மடியில் வைத்து வளர்த்தாலும் சரி. எழுதிய மருந்துக்கும், எத்தனை நாள் வரை முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்களில் இடும் முட்டை யாருக்கும் வேண்டாம். நோயுள்ள வாத்தைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி பார்வைக்கு ஆரோக்கியமாக உள்ள வாத்திடமிருந்தும் வரும், குழந்தைகள் அலகில் முத்தம் கொடுப்பதை நிறுத்துங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட வாத்துகள் திடீரென்று செத்தால் கதையே வேறு. அப்போது கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். பறவைக் காய்ச்சலில் வாத்துகள் அறிகுறியே இல்லாமல் வைரஸைச் சுமந்து பரப்பக்கூடும். அந்தச் சந்தேகம் வந்தால் அரசு கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அவர்கள் சொல்லும்வரை செத்ததைத் தொடக் கூடாது, மிச்சமுள்ளவற்றை வெளியே விடவும் கூடாது.

அப்படிச் சந்தேகம் எதுவுமில்லாமல் ஒரு வாத்து மட்டும் இறந்துபோனால், மனசு கேட்காவிட்டாலும் உடனே புதைத்துவிடாதீர்கள். கையுறை போட்டு இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்துக் குளிரில் வையுங்கள், உறைய விடாதீர்கள். உணவு வைக்கும் ஃபிரிட்ஜும் வேண்டாம், ஐஸ் போட்ட பெட்டி போதும். உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும், நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு நாளுக்குள் கொண்டு வந்தால் அறுத்துப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல எங்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மற்ற வாத்துகளுக்குத் தீவனத்தை மாற்ற வேண்டுமா, குளத்தை மூட வேண்டுமா, மருந்து கொடுக்க வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.