மானுக்குப் பசிக்கிறது என்று யார் சொன்னது?

நான் உயிரியல் பூங்கா மருத்துவர். போன வாரம் செத்துப்போன ஒரு புள்ளிமானை அறுத்துப் பார்த்தேன். சாவதற்கு முன் நாலு நாளாக அது அசைபோடவில்லை. இடது பக்கம் உப்பிக் கிடந்தது, நிற்கும்போது பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது. அசைபோடும் விலங்குகளில் அது வலியின் அடையாளம். ஐந்தாம் நாள் விடிகாலையில் அதைப் பராமரிக்கும் கீப்பரிடமிருந்து போன் வந்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது.

முதல் இரைப்பையைத் திறந்து கையை விட்டால் கயிறு மாதிரி ஏதோ சிக்கியது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு கேரி பேக், அதற்குள் முறுக்கிக்கொண்ட இன்னொரு கேரி பேக், ரப்பர் பேண்ட் போட்டபடியே ஒரு சாம்பார் கவர், அப்புறம் சிப்ஸ் பாக்கெட்டுகள். கழுவித் தராசில் வைத்தேன், ஒன்றே முக்கால் கிலோ. சிப்ஸ் பாக்கெட்டில் அச்சடித்த விலை அழியவே இல்லை. பத்து ரூபாய்.

அறிக்கையில் இறப்புக்குக் காரணம் 'அந்நியப் பொருள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாயில் வந்தது வேறு. அதை அங்கே எழுத முடியாது என்பதால் இங்கே வந்திருக்கிறேன்.

வலைக்கு வெளியே பொட்டலத்தோடு நிற்பவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "பாவம் சார், பசியில இருக்கு. கையை நீட்டுனா ஓடி வருது பாருங்க." ஓடி வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஏன் வருகிறது? உங்களுக்கு முன்னால் நின்றவர் பிஸ்கட் போட்டார், அவருக்கு முன்னால் நின்றவர் பொரி போட்டார். வேலியோரம் நின்றால் தீனி விழும் என்று அந்த மான் கற்றுக்கொண்டுவிட்டது. வயிறு முட்டத் தின்ற குரங்கும் கையை நீட்டும். கல்யாண வீட்டில் பந்தி முடித்து வெளியே வந்தவர் பீடாத் தட்டைப் பார்த்ததும் கை நீட்டுகிறாரே, அவருக்கு என்ன பசியா? இன்னும் சொல்கிறேன். உண்மையிலேயே உடம்பு சுகமில்லாத மான் பெரும்பாலும் உங்கள் பக்கமே வராது. கூட்டத்தை விட்டு ஒதுங்கி மூலையில் நிற்கும். என்னைப் போன்றவர்கள் தேடிப் போவது அந்த மானைத்தான். உங்கள் கையைப் பார்த்துத் துள்ளி வருகிற மானுக்கு உங்களால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

"மெலிஞ்சிருக்கே?" என்பார்கள் அடுத்தபடியாக. காட்டில் ஓடுகிற மானின் உடம்பு அப்படித்தான் இருக்கும். நீங்கள் பார்த்துப் பழகியது கோயில் வாசலில் அகத்திக்கீரை தின்னும் பசுவை. ஒவ்வொரு அடைப்புக்கும் தினமும் இவ்வளவு பசுந்தீவனம், இவ்வளவு அடர்தீவனம் என்று எடை போட்டுத்தான் வைக்கிறோம். மிச்சம் எவ்வளவு என்றும் மறுநாள் காலையில் கீப்பர் குறிப்பார். அந்த மிச்சக் கணக்குதான் எங்களுக்கு நாடித்துடிப்பு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பொரியைத் தின்றுவிட்டு திங்கட்கிழமை தொட்டியை அப்படியே வைத்தால், நோயா பொரியா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளாஸ்டிக் இல்லாமல் வெறும் சோறு, சப்பாத்தி, பிரெட் போட்டால்? ஆடு வளர்க்கும் வீட்டில் போய்க் கேளுங்கள், அரிசி மூட்டையை அவிழ்த்துத் தின்ற ஆடு மறுநாள் வயிறு உப்பி என்ன பாடுபட்டது என்று. குரங்குக்குப் பாதி கடித்த வாழைப்பழம் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்குக் காசநோய் இருந்தால் அதற்கும் வரலாம்.

இதே ஆட்கள்தான் புலிக்கூண்டுக்கு முன்னால் வந்ததும் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள். "மாட்டுக்கறியா போடறீங்க? கோழி போடலாமே, மாடு பாவம்." 2020 அக்டோபரில் குவாஹாத்தியில் இது சாலைமறியல் வரைக்கும் போனது. அசாம் மாநில உயிரியல் பூங்காவுக்கு மாட்டிறைச்சி ஏற்றி வந்த வண்டிகளை மறித்தார்கள். பூங்காவில் கடமான் அதிகமாகத்தானே இருக்கிறது, அதைக் கொன்று புலிக்குப் போடலாமே என்று யோசனையும் சொன்னார்கள். காட்டு விலங்கை அப்படித் தீவனமாக்கச் சட்டம் இடம் தராது என்று அதிகாரிகள் விளக்க வேண்டியதாயிற்று. மாடு பாவம், கடமான் பாவமில்லை! 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் இறைச்சிக் கூடங்களை மூடிய நாட்களில் கான்பூர், லக்னோ பூங்காக்களில் எருமைக்கறி வராமல் சிங்கத்துக்கும் புலிக்கும் கோழியைப் போட்டுச் சமாளித்தார்கள். ஒரு பெரிய புலி நாளைக்கு எட்டு, பத்து கிலோ தின்னும். கோழியை இடையில் எப்போதாவது போடலாம். எலும்பெடுத்த கோழிக்கறியை மட்டுமே தின்று வளரும் குட்டிக்குக் கால் வளைந்துவிடும். காய்கறிக்குப் பழக்கலாமே என்று ஒரு பெரியவர் என்னிடம் உண்மையாகவே கேட்டார். பூனை இனத்துக்குக் கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கவே தெரியாது, ஐயா. வாரத்தில் ஒரு நாள் புலியைப் பட்டினி போடுகிறோம் என்றதும் அவர் முகம் இன்னும் வாடிப்போனது. அது வயிற்றுக்கு நல்லது, தண்டனை இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "உயிரோட ஒரு ஆட்டை உள்ள விடுங்க சார், பார்க்கலாம்." 2017 ஜூனில் சீனாவின் சாங்சோ நகரில் ஒரு விலங்குப் பூங்காவில், நிர்வாகத்தோடு தகராறு செய்த பங்குதாரர்கள் உயிருள்ள கழுதையை வண்டியிலிருந்து புலிகளிடம் தள்ளிவிட்ட வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். நான் பாதிக்கு மேல் பார்க்கவில்லை. இவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

கொல்வது என்றதும் எல்லோரும் எனக்கு அனுப்புவது டென்மார்க்கின் கோபன்ஹேகன் பூங்கா கதையைத்தான். 2014 பிப்ரவரி 9, மாரியஸ் என்ற ஒட்டகச்சிவிங்கிக் குட்டி. நோய் எதுவும் இல்லை. அதே வம்சத்தின் மரபணு ஐரோப்பியப் பூங்காக்களில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, இதை வைத்து இனப்பெருக்கம் செய்ய முடியாது என்று முடிவெடுத்தார்கள். கீப்பர் ரை ரொட்டியை நீட்ட, அது குனிந்த நேரத்தில் சுட்டார்கள். குழந்தைகள் உட்படப் பார்வையாளர்கள் முன்னால் அறுத்துப் பாடம் நடத்தி, இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த பூங்காக்கள் உண்டு. நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன். நம் நாட்டு விதிப்படி, தாங்க முடியாத வேதனையில் துடிக்கும் விலங்குக்குத்தான் கருணைக்கொலை. அதிலும் ஊசி போடும் கை நடுங்குகிறது.

ஆனால் சிங்கத்துக்குப் போட்டது எனக்கு உறுத்தவில்லை, குழந்தைகள் பார்த்ததும் உறுத்தவில்லை. அந்த ரொட்டியை நீட்டியவருக்கு அடுத்த நொடி என்ன நடக்கும் என்று தெரியும். வலிக்க நேரமில்லாமல் முடிந்தது. என் மான் நாலு நாள் பல்லைக் கடித்தது. அதற்குப் பொட்டலம் நீட்டியவர் செல்ஃபி எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உயிரியல் பூங்காவில் விலங்குக்குத் தீனி போடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 38ஜே பிரிவின்படி குற்றம். சீண்டுவதும் சத்தம் போடுவதும் குப்பை போடுவதும் அதே பிரிவில்தான் வருகின்றன. சாப்பிட்டுவிட்டு உள்ளே வாருங்கள். குழந்தை கையில் பொட்டலம் கொடுத்து வேலியோரம் தூக்கிக் காட்டாதீர்கள். முதலை அசையவில்லை என்று கல் எறியாதீர்கள், அது பொம்மை இல்லை. 2017-ல் துனிசியாவின் துனிஸ் நகரப் பூங்காவில் பார்வையாளர்கள் கல்லெறிந்தே ஒரு முதலையைக் கொன்றார்கள். புண்ணியம் சேர்க்க வேண்டும் என்றால் வண்டலூர் போன்ற பூங்காக்களில் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. பணம் கட்டினால் நீங்கள் விரும்பும் விலங்கின் தீவனச் செலவுக்குப் போகும்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். கவர் கைதவறி உள்ளே விழுந்துவிட்டால், இல்லை பக்கத்தில் யாரோ போட்டுவிட்டால், நழுவிப் போய்விடாதீர்கள். எந்த அடைப்பு, என்ன கவர், எந்த மான் வாயில் எடுத்தது என்று உடனே கீப்பரிடம் சொல்லுங்கள். பறித்துவிட முடியும். விழுங்கிவிட்டாலும் அந்த மானைத் தனியாகப் பிடித்து வைத்துக் கவனிக்க ஒரு வழி இருக்கும். யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். நான் திட்டுவேன், அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.