இலை மஞ்சளானால் உடனே உரம் ஊற்றலாமா? மண்ணில்லாச் செடிகளின் சத்துச் சிக்கலைக் கண்டுபிடிப்பது எப்படி

மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியில் ஓர் இலை மஞ்சளானதும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: உரக் கரைசலை இன்னும் கொஞ்சம் ஊற்றுவது. பல நேரங்களில் அதனால்தான் நிலைமை மோசமாகிறது. தொட்டியில் சத்து தாராளமாகவே இருக்கும், செடியால்தான் அதை எடுக்க முடியாமல் இருக்கும். தண்ணீரில் சத்து இல்லாதது வேறு, இருந்தும் செடிக்குக் கிடைக்காதது வேறு. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

மண்ணில் களிமண் துகள்களும் மட்கிய பொருளும் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகின்றன. அமிலமோ காரமோ கொஞ்சம் கூடினாலும் மண் அதைத் தாங்கிக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு அந்தத் தாங்கும் திறன் மிகக் குறைவு. சின்னத் தொட்டியில் நான்கு தக்காளிச் செடிகள் இருந்தால் ஓரிரு நாளிலேயே கரைசலின் தன்மை மாறிவிடும். ஆனால் இதே காரணத்தால்தான் செடியின் பசியைப் படிக்கத் தண்ணீர் நல்ல களமாக இருக்கிறது. 1860-களில் ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் உப்புகளைக் கரைத்த நீரில் செடி வளர்த்ததே, செடிக்கு எந்தெந்தத் தனிமம் தேவை என்று அறியத்தான். ஒரு தனிமத்தை மட்டும் விட்டுவிட்டுக் கரைசல் தயாரித்தால் செடி என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938-ல் வெளியிட்ட கரைசல் முறையை இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

சரி, மஞ்சள் இலைக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது, மஞ்சள் எங்கே தொடங்கியது என்பது. அடி இலையிலா, கொழுந்திலா?

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகிய நான்கையும் செடியால் இடம் மாற்ற முடியும். வரத்து குறைந்தால் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் இவற்றின் பற்றாக்குறை அடி இலையில்தான் முதலில் தெரியும். அடி இலை முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்து. நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். இலையின் ஓரம் கருகிக்கொண்டு வந்தால் சாம்பல் சத்து. அடி இலை மங்கிய கரும்பச்சையாகி, சில செடிகளில் ஊதா படர்ந்து, வளர்ச்சியும் தேங்கினால் மணிச்சத்து.

இரும்பு, சுண்ணாம்புச் சத்தான கால்சியம், போரான் போன்றவை அப்படி நகர்வதில்லை. ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். இவை குறைந்தால் அடி இலை பச்சையாகவே இருக்க, கொழுந்து மட்டும் பாதிக்கப்படும். நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிய, இளம் இலை எலுமிச்சை நிறத்துக்கு மாறினால் முதலில் இரும்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் 'இரும்பு குறைவு' என்று தெரிந்ததும் இரும்பை வாங்கி ஊற்றக் கூடாது. அதற்கு முன், கரைசல் எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்று காட்டும் பிஎச் மீட்டரை எடுங்கள். பிஎச் அளவுகோலில் ஒரு எண் கூடினால் அமிலத்தன்மை பத்து மடங்கு குறைகிறது என்று பொருள். இரும்புக்கு இதைவிடக் கடுமையான கணக்கு. பிஎச் ஒரு எண் ஏறும்போது, கரைந்த நிலையில் தங்கக்கூடிய ஃபெரிக் இரும்பின் அளவு சுமார் ஆயிரம் மடங்கு சரிகிறது. துருவாகப் படிந்துவிட்ட இரும்பு, தொட்டியில் இருந்தும் செடிக்கு உதவாது. அதனால்தான் உரங்களில் இரும்பைக் கீலேட் என்ற கரிமச் சேர்மத்துக்குள் பொதிந்து கொடுக்கிறார்கள். அந்தப் பொதியிலும் வகை உண்டு. ஈடிடிஏ கீலேட் பிஎச் 6.5-ஐ நெருங்கும்போதே தளரத் தொடங்கும், டிடிபிஏ சுமார் 7 வரை தாங்கும், செந்நிறக் கரைசல் தரும் ஈடிடிஎச்ஏ காரத் தண்ணீரிலும் நிற்கும். உரப் பையில் இரும்பின் சதவீதத்தைப் பார்ப்பவர்கள் எந்த வகைக் கீலேட் என்றும் பார்க்க வேண்டும். என் கணிப்பில், நம் ஊர் போர் தண்ணீரில் செடி வளர்ப்பவர்களுக்குச் சதவீதத்தைவிட இதுதான் முக்கியம். இன்னொன்று, கரைசலில் வெயில் நேராக விழுந்தால் இரும்புக் கீலேட் சிதையும், பாசியும் பிடிக்கும். தொட்டியை மூடி வைப்பது இரண்டுக்கும் நல்லது.

பெரும்பாலான பயிர்களுக்கு பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். மிகவும் ஏறினால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் கிடைப்பது குறையும், மணிச்சத்து கால்சியத்தோடு சேர்ந்து படியும். 5-க்குக் கீழே இறங்கினால் கால்சியமும் மெக்னீசியமும் உள்ளே போவது தடைப்படும், வேர் நுனியும் புண்படும்.

பிஎச் தானாக ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணம் உண்டு. தழைச்சத்து கரைசலில் நைட்ரேட், அம்மோனியம் என்ற இரு வடிவங்களில் இருக்கும். வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது பதிலுக்குக் காரத்தன்மையை வெளியே விடுகிறது, அதனால் பிஎச் ஏறும். அம்மோனியத்தை எடுக்கும்போது அமிலத்தை விடுகிறது, அப்போது இறங்கும். நைட்ரேட்டை நன்றாக எடுத்து வளரும் தொட்டியில் பிஎச் மெல்ல ஏறுவது சகஜம், அதற்காகப் பதற வேண்டாம்.

போர் தண்ணீரின் கதை வேறு. அமிலம் விட்டு 6-க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலையில் 7.5 காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் தண்ணீரில் நிறைந்திருக்கும் பைகார்பனேட் என்ற காரப் பொருள் அமிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அது தீரும்வரை பிஎச் மீண்டும் மீண்டும் ஏறும். உரம் கலப்பதற்கு முன்பே தண்ணீருக்கு அமிலம் சேர்த்து, காற்றுக் குமிழி ஓடவிட்டு, ஒரு நாள் கழித்து மறுபடி அளப்பது நல்லது. ஆர்ஓ தண்ணீர் கலப்பது இன்னொரு வழி. ஆனால் ஆர்ஓ தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இல்லை, அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும். மீட்டரையும் 4, 7 என்ற இரண்டு தரக் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்த்தால்தான் அது சொல்வதை நம்பலாம்.

அடுத்த கருவி, கரைசலின் மின்கடத்துதிறனை அளக்கும் இசி மீட்டர். கரைசலில் மொத்தம் எவ்வளவு உப்பு என்று சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. லெட்யூஸ் கீரைக்கு 1.2 முதல் 1.8 மில்லிசீமென்ஸ் வரை, காய்க்கும் தக்காளிக்கு 2 முதல் 3.5 வரை என்பது வழக்கமான அளவு. தினமும் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் பாருங்கள். இசி ஏறிக்கொண்டே போனால் செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது, கரைசலை நீர்க்கச் செய்ய வேண்டும். இறங்கினால் சத்தை வேகமாக எடுக்கிறது. உப்புத் தண்ணீரில் ஒரு பொறி இருக்கிறது: போர் தண்ணீரே 1 காட்டினால், மீட்டர் சொல்லும் 1.8-ல் பாதிக்கு மேல் சோடியமும் குளோரைடும் பைகார்பனேட்டுமாக இருக்கலாம். எண் சரியாக இருக்கும், செடி பட்டினி கிடக்கும். நாள்பட்ட கரைசலிலும் இதேதான், செடி விரும்பாத உப்பு மட்டும் தங்கிச் சேர்ந்துவிடும். காரணம் பிடிபடாதபோது கரைசல் முழுவதையும் மாற்றுவது சோம்பேறித்தனம் அல்ல, நல்ல வைத்தியம்.

கால்சியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். லெட்யூஸின் நடு இலைகள் ஓரம் கருகும். தக்காளியின் அடிப்பகுதி கருத்துக் குழிவிழும். இரண்டுமே கால்சியப் பற்றாக்குறைதான், ஆனால் பல தடவை கரைசலில் கால்சியம் போதுமான அளவு இருக்கும். கால்சியம் நீர்க்குழாய்கள் வழியாக, இலை ஆவியாக்கும் தண்ணீரோடு சேர்ந்து மேலே போகிறது. விரிந்த இலை நிறைய ஆவியாக்கும், அதனால் நிறையப் பெறும். சுருண்ட குருத்தும் காயும் குறைவாகவே ஆவியாக்கும், அவற்றுக்கு மிச்சம்தான். காற்று அசையாமல் ஈரப்பதம் தேங்கினால் குருத்துக்குப் போவது இன்னும் குறையும். லெட்யூஸுக்கு மேலிருந்து மெல்லிய காற்று விழும்படி விசிறி வைப்பது இதனால்தான். கால்சியத்தைக் கூட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்யும். பொட்டாசியம் அளவுக்கு மீறினாலும் கால்சியமும் மெக்னீசியமும் உள்ளே போவதற்குத் தடையாகும். தேங்காய் நார்க்கழிவில் வளர்ப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்: சரியாகப் பதப்படுத்தாத நார்க்கழிவு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விடும்.

அப்புறம் வேர். செடியைத் தூக்கிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நலம். பழுப்பாக, வழவழப்பாக, நாற்றத்தோடு, உருவினால் தோல் கழன்று வந்தால் அது வேரழுகல், பெரும்பாலும் பித்தியம் கிருமியின் வேலை. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைதான், வேரின் மூச்சுத் தேவையோ வெப்பத்தில் கூடும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியில் எல்லாச் சத்துக்குறைபாடும் ஒரே நேரத்தில் வந்ததுபோலத் தெரிந்தால், உரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் நீங்காவிட்டால் ஒரு எளிய சோதனை. வெளிறிய இளம் இலையில் ஒரு பாதியில் மட்டும் மிக நீர்த்த இரும்புக் கரைசலைத் தடவுங்கள். சில நாளில் அந்தப் பாதி பச்சை பிடித்தால் குறை இரும்புதான். அடி இலையில் நரம்பிடை மஞ்சள் என்றால் மெக்னீசியம் உள்ள எப்சம் உப்பைக் கரைத்து இதேபோலத் தடவலாம். சிகிச்சை பலித்ததா என்று பார்க்கும்போது கருகிய ஓரத்தையோ முழுக்க மஞ்சளான பழைய இலையையோ கவனிக்க வேண்டாம், அவை பெரும்பாலும் திரும்பாது. கரைசலைச் சரிசெய்த பிறகு விரியும் இலைகள் என்ன நிறத்தில் வருகின்றன என்று பாருங்கள். லெட்யூஸில் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும்.