சீழ் வைப்பது மீனால் அல்ல

மார்பகப் புற்றுக்காக மார்பை எடுத்துவிட்டு, சிலிகோன் இம்பிளான்ட் (மார்பு வடிவில் உள்ளே வைக்கும் செயற்கைப் பை) வைத்து மறுசீரமைப்பு செய்துகொண்ட பெண்கள், தையல் ஓரம் சிவந்து நாள்கணக்கில் ஆனபிறகு, சீழ் ஒழுகும் நிலையில் வருகிறார்கள். கூட வரும் மாமியாரோ மைனியோ முதலில் சொல்வது இதுதான்: "சாளைக்கறி கூட்டினா டாக்டரே, சொன்னா கேக்கமாட்டா."

போன வாரமும் கேட்டேன். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மீன் சாப்பிட்டால் அறுவைப் புண்ணில் சீழ் வைக்காது. சாளை, நெத்திலி, முட்டை, மரச்சீனிக் கிழங்கு எதுவும் சீழை உண்டாக்காது. சீழுக்குக் கிருமி வேண்டும். பெரும்பாலும் அது நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டபிலோகாக்கஸ் வகை. பத்தியம் என்று கஞ்சியும் துவையலுமாகக் கொடுத்தால் புண் எதை வைத்து ஆறும்? அறுவை முடிந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ எடை என்றால் தினமும் 60 முதல் 75 கிராம். குமரி மாவட்டத்துக் குளச்சலிலும் முட்டத்திலும் கரையேறும் மீன்தான் நம் ஊரில் எளிதில் கிடைக்கும் நல்ல புரதம். அதைத்தான் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சிவப்பைப் பார்த்ததும் மீனை நிறுத்திவிட்டு, வைத்தியம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். திட்டுக்குப் பயந்து அந்தப் பெண்ணும் நைட்டிக்குள் மறைத்துக்கொள்கிறாள்.

இம்பிளான்ட்டுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதன்மேல் படலமாக ஒட்டிவிட்டால் ஆன்டிபயாட்டிக் சரியாக எட்டாது. சிவந்த ஓரிரு நாளில் வந்தால் மருந்தாலோ, உள்ளே கழுவி வேறு இம்பிளான்ட் வைத்தோ பலருக்கும் காப்பாற்ற முடிகிறது. தாமதித்தால் எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புற்றுக்கான கீமோ மருந்து பாக்கி இருந்தால் அதுவும் தள்ளிப்போகும். எனக்கு அதுதான் பெரிய கவலை. வயிறு அல்லது முதுகுத் திசுவில் மார்பு அமைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"வலியே இல்லையே" என்பதை நம்பாதீர்கள். அறுவையில் நரம்புகள் அறுபடுவதால் அந்தத் தோல் மரத்துப்போயிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், சுடுநீர்ப் பை வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி முன் நின்று தினமும் பாருங்கள்: சிவப்பு, வீக்கம், நாற்றமுள்ள நீர். புறங்கை வைத்து மறுபக்கத்தோடு சூட்டை ஒப்பிடுங்கள். அறுவை முடிந்து பல மாதம் கழித்தும் தொற்று வரலாம்.

உள்ளே தேங்கும் நீரை வடிக்க வைத்த டிரெயின் குழாய் இருக்கும்போது கை கழுவாமல் தொடாதீர்கள். தினமும் எவ்வளவு நீர் வடிகிறது என்று நோட்டில் எழுதுங்கள்; பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தபிறகே எடுப்போம். புண் முழுதும் ஆறும்வரை குளத்துக் குளியல், ஆற்றுக் குளியல், திற்பரப்பு அருவி எல்லாம் வேண்டாம். தண்ணீரில் வாழும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சில கிருமிகள் இம்பிளான்ட்டில் ஏறினால் வழக்கமான மருந்துக்கு அடங்காது. பச்சிலை எண்ணெயும் மஞ்சளும் தையல்மேல் வேண்டவே வேண்டாம்.

சர்க்கரையை அறுவைக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாமார்களே, குறைந்தது நான்கு வாரம் முன்னாடியே விட்டுவிடுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.

மெடிக்கலில் கேட்டு நீங்களே ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். இரண்டு மாத்திரை உள்ளே போனாலே கல்ச்சரில் (சீழை வளர்த்து எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனையில்) கிருமி சிக்காமல் போகலாம். கீமோ நடக்கும்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுவை திருவனந்தபுரத்தில் நடந்திருந்தாலும் சரி, அந்த டாக்டரை போனில் பிடித்துக்கொண்டே பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். டிஸ்சார்ஜ் தாளையும், எந்த இம்பிளான்ட் வைத்தார்கள் என்ற விவரம் உள்ள இம்பிளான்ட் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.