‘எல்லாம் நார்மலுங்களா, டாக்டர்?’

கோபிச்செட்டிபாளையத்தில் என் கிளினிக்கின் வாசல் நிலையைக் கரையான் அரித்துவிட்டது. புது நிலை மாட்ட அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆசாரி வந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைப் பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போட்டார். பிறகு மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. எதற்கு என்று கேட்டேன். “ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துச்சுன்னா மட்டம் சரியா இருக்குதுங். விலகுச்சுன்னா மட்டமே கோணல். கோணல் மட்டத்த வெச்சுப் பாத்தா நல்ல நெலையும் கோணலாத்தானுங்க தெரியும்.”

சாயந்திரம் அவரே தன் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினார். “எல்லாம் நார்மலுங்களா, டாக்டர்?”

கையில் இருந்த கருவியின் பெயரைச் சொல்லித்தான் அவர் கேட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. லத்தீன் மொழியில் ‘நார்மா’ என்றால் தச்சர்களின் மூலைமட்டம். அந்த மட்டத்துக்கு ஒத்து நிற்பது ‘நார்மாலிஸ்’. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘செங்கோணமாக நிற்பது’ என்றும் பொருள். கணக்கில் அந்தப் பழைய பொருள் இன்னும் பிழைத்திருக்கிறது. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் தொடுகோடு, செங்கோடு என்று படித்திருப்பீர்கள். அந்தச் செங்கோடுதான் ஆங்கிலத்தில் நார்மல். (நம் திருச்செங்கோட்டின் செங்கோடு வேறு, அது செந்நிற மலை.) ‘எனார்மஸ்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான்: மட்டத்தை மீறிப் போனது.

அப்புறம் எப்படி இது உடம்புக்கு வந்தது? 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர்கள் நோயற்ற நிலையை ‘நார்மல் நிலை’ என்று சொல்லத் தொடங்கினார்கள். அதே காலத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற வானியலாளர் 1835-இல் ‘சராசரி மனிதன்’ என்ற எண்ணத்தை முன்வைத்தார். ஒரு நட்சத்திரத்தின் இடத்தைப் பல பேர் அளந்தால் அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே சிதறும், நடுவில்தான் உண்மையான இடம் இருக்கும் என்பது வானியலாளர்களின் வழக்கமான கணக்கு. அதை அவர் மனிதர்கள் மேல் பொருத்தினார். ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்பளவை எடுத்துப் பார்த்தார். நடுவில் சுமார் 40 அங்குலம். இயற்கை குறிவைத்தது அந்த நடு அளவைத்தான், மற்றவை அதிலிருந்து விலகிய பிழைகள் என்று கருதினார். இப்படி நடுவில் குவிந்து இருபுறமும் குறையும் அளவுகளைப் படமாக வரைந்தால் மணி வடிவில் ஒரு வளைகோடு வரும். அதற்குப் பின்னால் வந்தவர்கள் ‘நார்மல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை சிக்கல் தொடங்கியது அங்கேதான். ‘சரியாக இருப்பது’ என்பதும் ‘பெரும்பாலானவர்களுக்கு இருப்பது’ என்பதும் ஒரே சொல்லுக்குள் குடிபுகுந்துவிட்டன. நம் ‘மட்டம்’ வேறு வழியில் போயிருக்கிறது. ரசமட்டம், மூலைமட்டம் என்று அளவைக் குறித்த சொல், ‘மட்டமான துணி’ என்னும்போது கீழே இறங்கிவிட்டது. சொற்கள் இடம் மாறுவது சகஜம். ஆனால் இடம் மாறிய சொல் ரத்தப் பரிசோதனைத் தாளில் வந்து உட்காரும்போது உயிரோடு விளையாடுகிறது.

சென்ற ஆண்டு மஞ்சள் காட்டில் வேலை செய்யும் ஒரு அம்மா மகளோடு வந்தார். ஹீமோகுளோபின் 9.2. மாத்திரை எழுதப் போனேன். “பொம்பளைங்களுக்கு இது நார்மல்தானுங்களே? எங்கம்மாளுக்கும் அக்காளுக்கும் இப்படித்தானுங்க” என்றார். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் இருப்பதுதான் நார்மல் என்றால் இங்கே ரத்தசோகைதான் நார்மல்! மேலே விசாரித்தபோது, “சென்னிமலைப் படியில பாதியிலயே உக்காந்துட்டனுங், மூச்சு வாங்குது, வயசாயிருச்சல்லங்க” என்றார். வயது 38. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்திருக்கிறது, அதையும் அவர் நார்மல் என்றே நினைத்திருந்தார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. புற்றுநோய்க் கட்டி அல்ல, சரிசெய்யக் கூடியதுதான். பத்து வருடம் அந்தச் சோர்வை அவர் தன் உடம்பின் இயல்பு என்று சுமந்திருக்கிறார். இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனம் கேட்பதில்லை.

தருமபுரிப் பக்கம் பல்லில் பழுப்புக் கறையோடு வருபவர்களும் இதையேதான் சொல்வார்கள்: “எங்கூருல எல்லாத்துக்கும் இப்படித்தான்.” ஊரில் எல்லோரும் ஒரே நிலத்தடி நீரைக் குடித்தார்கள், அதில் புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற பாதுகாப்பு எல்லையைத் தாண்டியிருந்தது, அதனால் எல்லோருக்கும் வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

இனி, தாளில் வலது ஓரம் அச்சிட்டிருக்கும் அந்த ‘நார்மல் ரேஞ்ச்’. பெரும்பாலான பரிசோதனைகளுக்கு அதை எப்படி எடுக்கிறார்கள் என்றால், ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 120 பேரைச் சோதித்து, இருபுறமும் 2.5 சதவீதத்தை வெட்டிவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை வைத்துக்கொள்கிறார்கள். அதாவது ஒரு நோயும் இல்லாத 20 பேரில் ஒருவர் எப்போதும் வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், நல்ல உடம்பிலும் ஏதாவது ஒன்று வரம்புக்கு வெளியே போக 64 சதவீத வாய்ப்பு உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, முழு உடல் பரிசோதனைத் தாளில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் இருந்ததற்காக மூன்று நாள் தூங்காமல் வந்தார். இரண்டும் வரம்பை ஒட்டி நின்ற எண்கள். மறுபடி எடுத்ததில் ஒன்றுமில்லை. தடித்த எழுத்தைப் பார்த்துப் பயந்து, கூகுளில் தேடி, இன்னும் பயப்படாதீர்கள். முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரைக்கு இந்தக் கணக்கு இல்லை. எந்த அளவுக்கு மேல் போனால் கண்ணும் சிறுநீரகமும் கெடுகின்றன என்று பார்த்து வரம்பு வைத்தார்கள், அதனால் புதுச் செய்தி கிடைக்கக் கிடைக்க வரம்பும் நகர்ந்தது. வெறும் வயிற்றில் 140 என்றிருந்த சர்க்கரை நோய் வரம்பை 1997-இல் 126 ஆக்கினார்கள். 2003-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நார்மலின் மேல் எல்லையை 110-இலிருந்து 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110-லேயே நிற்கிறது. எந்த எல்லையை அச்சிடுவது என்பது பரிசோதனை நிலையத்தின் கையில். நம் ஆசாரியின் சர்க்கரை 108, தாளில் 110 வரை நார்மல். விஷயத்தைச் சொன்னதும், “அப்ப ரெண்டு மட்டம் இருக்குதுங்களா?” என்று உடனே பிடித்துக்கொண்டார். அவர் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை. ஆக, அவருக்கு 100 என்ற மட்டத்தை வைத்துக்கொள்வோம் என்றேன். சாப்பாட்டில் மாற்றம், தினமும் நடை, மூன்று மாதத்தில் மறு பரிசோதனை.

நார்மல் என்ற சொல்லில் எனக்கு மிகவும் பயம் தருவது இசிஜி தாளில்தான். பவானிப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் 52 வயதுக்காரர். ராத்திரி 11 மணிக்கு நெஞ்சில் பாரம், வியர்வை. ஓரிடத்தில் இசிஜி எடுத்து, நார்மல் என்று சொல்லி, வாயு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். விடியும்வரை வலியோடு உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். மறுபடி எடுத்த இசிஜியில் மாரடைப்பு தெளிவாக இருந்தது. 108-ஐ வரவழைத்து அனுப்பினோம், ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். முதல் இசிஜி பொய் சொல்லவில்லை. மாரடைப்பின் தொடக்கத்தில் இசிஜி சரியாகவே இருக்கலாம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் அளவும் ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ‘இந்த நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை’ என்பதுதான் அந்த நார்மலுக்குப் பொருள். வலி நிற்காதபோது வீட்டுக்குப் போகச் சொன்னால், “கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருக்கா எடுத்துப் பாக்கலாங்களா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிரசவத்தையும் சொல்லிவிடுகிறேன். “நார்மலா, சிசேரியனா?” என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, வயிற்றைக் கிழித்துப் பெற்ற தாயின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். சிசேரியன் தேவையில்லாமல் நடக்கக் கூடாது, தேவைப்பட்டு நடந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை. நம்மிடம் சுகப்பிரசவம் என்று அழகான சொல் இருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்களா என்பதைத்தானே முதலில் கேட்க வேண்டும்?

கடைசியாக ஒரு ஆத்தா. 78 வயது, 42 கிலோ. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை வருடக் கணக்கில் விழுங்கி வந்தவர். காலில் லேசான வீக்கம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 1.1, தாளில் 1.1 வரை நார்மல். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஆத்தாவின் உடம்பில் தசையே இல்லை, அதனால் அந்த எண் குறைவாகத்தான் காட்டும். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், ஈஜிஎஃப்ஆர் என்பது, 51. இது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்போம். பழைய தாள் இருக்கிறதா என்று மகளைக் கேட்டேன். மறுநாள் மஞ்சள் பையோடு வந்தார். ஆறு வருடத்துக்கு முன் 0.7, மூன்று வருடத்துக்கு முன் 0.9. மூன்று தாளிலும் நார்மல். முதல் தாளுக்கு அந்த வடிகட்டும் கணக்கைப் போட்டால் 90-க்கு மேல் வந்தது. தனித்தனியாகப் பார்த்த யாருக்கும் தெரியாத இறக்கம், மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்ததும் தெரிந்தது.

சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய அந்த வலி மாத்திரையை நிறுத்தினோம். ரத்த அழுத்தத்தைப் பார்த்தோம், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்தோம். மூன்று மாதம் கழித்து கிரியேட்டினின் 1.0 என்று வந்தது.

“இப்ப நார்மலுங்களா, தம்பி?” என்றார் ஆத்தா.

“உங்க பழைய அளவு 0.7-ங்க ஆத்தா. அதுக்கு இது இன்னும் மேலதான் இருக்குது. அடுத்த தடவையும் அந்த மஞ்சப்பையைக் கொண்டாங்க” என்றேன்.