விலைவாசி ஏறினால் அரசுக்கு லாபமா? பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் தக்காளி கிலோ நூறைத் தாண்டும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பும்: "விலை ஏறுனா கவர்மெண்டுக்குத்தானப்பா கொண்டாட்டம், வரி கூட வருதுல்ல." தக்காளிக்கு அது பொருந்தாது. பச்சைக் காய்கறிக்கும் மல்லிகைப் பூவுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. கிலோ இருபதுக்கு விற்றாலும் இருநூறுக்கு விற்றாலும் அந்த விற்பனையில் வரி பூஜ்யம்தான்.

அதே தக்காளி ஓட்டல் சட்னியானதும் கதை மாறுகிறது. சாதாரண ஓட்டல் பில்லுக்கு 5 சதவீதம். 200 ரூபாய் பில் 250 ஆனால் வரி 10 ரூபாயிலிருந்து 12.50 ஆகும். யாரும் வரியை உயர்த்தவில்லை, விலை உயர்ந்ததே போதும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 5 சதவீத வரியில் நடக்கும் ஓட்டல், தான் கட்ட வேண்டிய வரியில் அந்த 18-ஐக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் அது பரோட்டா விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல்தான் நம்மிடம் 5 சதவீதம். வரிக்கு வரி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்து கம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) பதிவு செய்த ஓட்டல், வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கக் கூடாது. தான் கம்போசிஷன் முறையில் இருப்பதாகவும், வரி வசூலிக்க உரிமை இல்லை என்றும் பில்லின் தலையில் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த வாசகமும் அச்சிட்டு, கீழே மத்திய, மாநில ஜிஎஸ்டி என்று 2.5, 2.5 சதவீதமும் போட்டிருந்தால் கேளுங்கள்.

பெட்ரோலில் கணக்கு வேறு. மத்திய கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக இருக்கிறது. கச்சா எண்ணெய் ஏறினாலும் அது தானாக ஏறாது. தமிழக அரசின் வாட் பாதி அப்படி, பாதி இப்படி: 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தபிறகு, 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். வரிக்கு முந்தைய விலை பத்து ரூபாய் ஏறினால் மாநிலத்துக்கு 1 ரூபாய் 30 காசு கூடும், மத்திய அரசுக்குக் கூடாது. மத்திய அரசு சம்பாதிப்பது கச்சா விலை இறங்கும்போது: பங்க் விலையைக் குறைக்க விடாமல் கலாலை ஏற்றிக்கொள்ளும்.

அரிசியில் கடைக்காரர்களே வழி கண்டுபிடித்தார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீதம். உடனே 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. வரி இல்லாத மூட்டை என்பதால் கிலோ விலை குறைய வேண்டும். வாங்கும்போது 26-ஆல் வகுத்துப் பாருங்கள். சில கடைகளில் வரி போன பிறகும் கிலோ விலை அப்படியே இருக்கும். மிச்சம் யாருக்குப் போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி கடன். அரசு பத்து, முப்பது வருடப் பத்திரங்களை நிலையான வட்டிக்கு விற்கிறது. விலைவாசி ஏற ஏற, திருப்பிக் கொடுக்கும் ரூபாயின் மதிப்பு தேய்கிறது. அந்தப் பத்திரங்களை வைத்திருப்பது யார்? வங்கி, எல்ஐசி, பிஎஃப். அதாவது நம் பணம். ஆனால் இதில் அரசுக்கு வசதி பழைய கடனில்தான். விலை கட்டுமீறினால் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி) 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. புதுக் கடன் அந்த அளவுக்குச் செலவு பிடிக்கும். கூடவே அரசு ஊழியர்களுக்கு வருடம் இருமுறை பஞ்சப்படியும் ஏற்ற வேண்டும். கட்டுக்குள் இருக்கும் விலையேற்றம்தான் அரசுக்குப் பிடிக்கும். ரொம்பக் குறைந்தாலும் பிடிக்காது. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. வரி வசூலும், பற்றாக்குறையை வகுக்கும் ஜிடிபியும் (நாட்டின் மொத்த உற்பத்தி) ரூபாய்க் கணக்கில் எதிர்பார்த்த அளவு வளராது என்பதால் அதுவும் பட்ஜெட்டுக்குத் தலைவலிதான்.

சத்தமில்லாமல் நம் பையிலிருந்து போவது அசையாத வரம்புகளில். பழைய முறை வருமான வரியில் இரண்டரை லட்சம் விலக்கும் 80சி சேமிப்புக் கழிவின் ஒன்றரை லட்சமும் 2014-ல் வைத்தது, இன்னும் அங்கேயே நிற்கின்றன. வைப்புநிதியைப் பாருங்கள். 10 லட்சத்துக்கு 7 சதவீதம், வட்டி 70,000. அந்த வருடம் விலைவாசி 5 சதவீதம் ஏறினால் 50,000 வெறும் தேய்மானத்தை ஈடுகட்டும். நிஜ வருமானம் 20,000. வரியோ முழு 70,000-க்கும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 14,560. கையில் நிஜமாக மிஞ்சுவது 5,440.

மனை விற்பவர்கள், விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒத்தக்கடைப் பக்கம் 2012-13-ல் 5 லட்சத்துக்கு வாங்கிய மனையை 2025-26-ல் 12 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட அரசு தரும் விலைப் பணவீக்கக் குறியீடு 2012-13-க்கு 200, 2025-26-க்கு 376. குறியீட்டின்படி வாங்கிய விலை 9.4 லட்சம், லாபம் 2.6 லட்சம், 20 சதவீதத்தில் வரி 52,000. குறியீடு இல்லாமல் லாபம் 7 லட்சம், 12.5 சதவீதத்தில் 87,500. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை, வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டில் எது குறைவோ அதுவே வரி. அதன்பின் வாங்கியதற்கு 12.5 மட்டும்; விலைவாசியால் ஏறியதும் லாபமாகவே எண்ணப்படும். கணக்குப் போடும் இடத்தில் 12.5-ஐ மட்டும் போட்டு முடித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

விவசாய நிலமாக இருந்தால் முதலில் தூரம் பார்க்க வேண்டும். மதுரை மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் இந்த வரியே இல்லை. ஆனால் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகளுக்கும் தனியாக 2 கிலோமீட்டர் வட்டம் உண்டு. தாத்தா காலத்துச் சொத்து என்றால் 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பைக் கிரயம் பேசுவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி, சுற்றுச்சுவர், போர்வெல் பில்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.