டிரம்முக்கு 5 மீட்டர் முன்னால்

முக்கோணமாக வைத்த மூன்று டிரம்களைக் குதிரையில் சுற்றி விரைந்து வரும் போட்டிதான் பேரல் ரேசிங். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் அதன் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிகளில் வேலி ஓரம் நிற்கும் அப்பாக்களும் மாமாக்களும் கூவுவது பெரும்பாலும் ஒரே சொல்தான்: "இழு! இழு!" குதிரை டிரம்மைத் தாண்டி அகலமாய்ப் போனாலும் அதுதான், டிரம்மில் முட்டினாலும் அதுதான். அந்த நேரத்தில் இழுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. காரியம் கெட்டது அதற்கு அரை வினாடி முன்பே, சவாரிக்காரரின் இடுப்பில். பிள்ளைக்கு இன்னும் கடுமையான பிட் (குதிரையின் வாயில் மாட்டும் கடிவாள இரும்பு) வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் அதற்கு முன் உட்காரும் நேரத்தையும் உட்காரும் விதத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கணக்கு. முழு அளவு பேரல் ரேசிங் மைதானத்தில் முதல் இரண்டு டிரம்களுக்கு இடையே 90 அடி, அதாவது 27.4 மீட்டர். அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவது டிரம்முக்கு 105 அடி, 32 மீட்டர். நேரம் எண்ணத் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் இரண்டும் நிற்கும் வரிக்கு 60 அடி. இங்கே பல பண்ணைத் திடல்களில் இவ்வளவு இடம் கிடையாது. அளவைச் சுருக்கித்தான் வைப்பார்கள். டிரம் என்னவோ எங்கும் அதே 200 லிட்டர் டிரம்தான், தாத்தா காலத்தில் மழைநீர் பிடிக்க வைத்திருந்த 44 கேலன் டிரம்.

நேர் ஓட்டத்தில் குதிரை வினாடிக்கு 12 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சவாரிக்காரர் 0.1 வினாடி தாமதமாக உட்கார்ந்தால் குதிரை 1.2 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். அது அரைக் குதிரை நீளம். இன்னொரு கணக்கு: முதல் டிரம்மில் ஏறக்குறைய முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். அந்த வளைவு தேவைக்கு மேல் 50 சென்டிமீட்டர் அகன்றால் பாதை சுமார் 2.35 மீட்டர் நீளும். திருப்பத்தில் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட அரை வினாடி போச்சு. நூறில் ஒரு பங்கு வினாடியில் முடிவாகும் போட்டியில் அரை வினாடி என்பது பெரிய சொத்து. புதுச் சேணம் வாங்கினாலும் அது திரும்பி வராது.

இனி வரிசை. நேர் ஓட்டத்தில் இரண்டு கையும் கடிவாள வாரில், இருக்கை லேசாக எழுந்து, உடல் சற்று முன்னே. டிரம் நெருங்கும்போது நான்கு காரியம் நடக்க வேண்டும். வெளிப்பக்கக் கை வாரை விட்டு, சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைப் பிடிக்க வேண்டும். உடனே இருக்கை சேணத்தில் இறங்க வேண்டும். சவாரிக்காரரின் முழங்கால் டிரம்மைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்பக்கக் கை திருப்பத்தைக் கேட்க வேண்டும். நாலும் இந்த வரிசையில்தான். முட்டுகிற ஓட்டங்களை மெதுவாக்கிப் பார்த்தால் கடைசியாக வர வேண்டியதே முதலில் வந்திருக்கும்: கை முதலில் இழுத்திருக்கும், இருக்கை பிறகுதான் இறங்கியிருக்கும்.

இது ஏன் முட்டலில் முடிகிறது? சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. முன்னே சாய்ந்த சவாரிக்காரர் அதை இன்னும் கூட்டுகிறார். அந்த நிலையில் வாரை இழுத்தால் முகம் மட்டும் திரும்பும். பின்கால்கள் வயிற்றுக்கடியில் வந்திருக்காது. உள்பக்கத் தோள் கீழே விழும், டிரம் உருளும். டிரம் விழுந்தால் அமெரிக்கத் தொழில்முறை ரோடியோவில் 5 வினாடி அபராதம். சில அமைப்புகளில் ஓட்டமே செல்லாது. இருக்கை முதலில் இறங்கினால் குதிரை வேகத்தைத் தானே குறைத்துப் பின்கால்களை உள்ளே வாங்கும். பழகியவர்கள் இதை 'ரேட்' என்பார்கள்.

உட்காருவது என்றால் தொப்பென்று விழுவதல்ல. மூச்சை வெளியே விடுங்கள். வயிறு உள்ளே போகும், கீழ் முதுகு லேசாகப் பின்னால் வளையும், குதிகால் கீழே இறங்கும். கால் சட்டைப் பைகள் இரண்டும் சேணத்தைத் தொடுவதுபோல இருந்தால் சரி. எங்கே உட்காருவது என்பது குதிரையைப் பொறுத்தது. இழுத்துக்கொண்டு ஓடுகிற குதிரைக்கு டிரம்முக்கு 5 மீட்டர் முன்னால். தானாகவே வேகம் குறைக்கும் குதிரைக்கு 3 மீட்டர் முன்னால், அதுவரை காலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்த மாதிரிக் குதிரையில் சீக்கிரம் உட்கார்ந்தால் டிரம்முக்கு முன்பே திரும்பிவிடும்; பிறகு குதிரை ஏமாற்றுகிறது என்று பேர் கட்டுவோம்.

கொம்பைப் பிடித்த கை தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. தள்ளினால் இடுப்பு சேணத்துக்குள் போகும். இழுத்தால் தோள் முன்னே வரும், பிட்டம் மேலே எழும். உள்பக்கக் கை தாழ்ந்து, கட்டைவிரல் மேலே பார்த்தபடி, கொம்புக்கு ஒரு சாண் முன்னால் இருக்கட்டும். அது பிடரியைத் தாண்டி மறுபக்கம் போனால் குதிரையின் தோள் வெளியே தள்ளிப்போகும். கை நெஞ்சுயரம் எழுந்தால் குதிரை தலையைத் தூக்கி முதுகைப் பள்ளமாக்கும். பின்கால் வெளியே வழுக்கிப் போகும்.

உள்பக்கக் கால் சேணத்தின் வயிற்றுக் கச்சையை ஒட்டி இருந்து விலா எலும்பை டிரம்மிலிருந்து தள்ளி வைக்கும். நுழையும்போது டிரம்முக்கும் குதிரைக்கும் இடையே 1.2 முதல் 1.5 மீட்டர், வெளியேறும்போது ஒரு மீட்டருக்குள். இதைத்தான் 'பாக்கெட்' என்கிறோம். வெளிப்பக்க அங்கவடியில் எடை குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பைக்கில் வளைவில் சாய்வதுபோல உள்ளே சாய்பவர்கள் அதைத்தான் இழக்கிறார்கள். குதிரை தன் பங்குக்குச் சாய்கிறது. நீங்களும் சாய்ந்தால் அதன் தோளுக்கு இரட்டைச் சுமை.

கண் தனிக்கதை. மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. டிரம்மைக் குனிந்து பார்த்தால் அந்த 5 கிலோவும் டிரம் பக்கம் சாய்கிறது, தோளும் இடுப்பும் பின்னாலேயே போகின்றன. நெருங்கும்போது டிரம்முக்குப் பக்கத்தில், குதிரை கால் வைக்க வேண்டிய தரையைப் பாருங்கள். முக்கால் திருப்பம் முடிந்ததும் அடுத்த டிரம்மின் பாக்கெட்டைப் பாருங்கள். அதற்கு முன்பே பார்த்தால் திருப்பம் முடியாமலே கிளம்பி, பின்கால் டிரம்மில் இடிக்கும்.

சோதனைக்குப் பெரிய செலவில்லை. டிரம்முக்கு 5 மீட்டரிலும் 3 மீட்டரிலும் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பக்கி வண்டியை (பிக்கப்) கோட்டுக்கு நேர் பக்கவாட்டில், 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, பானெட்டில் கைப்பேசியை நிறுத்திப் படம் எடுங்கள். வினாடிக்கு 30 பிரேம் என்றால் 3 பிரேம் 0.1 வினாடி. இருக்கை சேணத்தைத் தொட்ட பிரேம் எது, கை திருப்பம் கேட்ட பிரேம் எது என்று எண்ணுங்கள். கை முந்தியிருந்தால் பிட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: கேன்டரில், அதாவது நிதானமான பாய்ச்சலில், சுற்றும்போது பிட்டத்துக்கடியில் ஒரு 10 ரேண்ட் நோட்டு வையுங்கள். நழுவினால் அது லாயம் பார்க்கும் தம்பிக்கு. இரண்டு வாரத்தில் நிலை திருந்திவிடும், தம்பிக்குத்தான் வருத்தம்.

அங்கவடி நீளத்தையும் பாருங்கள். எழுந்து நின்றால் சேணத்துக்கும் உடலுக்கும் இடையே நாலு விரல் போக வேண்டும். அதற்கும் நீளமானால் குதிகாலைத் தேடிக்கொண்டே உட்கார நேரிடும்.

இங்கே பலரும் ஏறுவது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை. கிரேவில், ஸ்காட்ஸ்வில் இரண்டும் வலப்பக்கமாக ஓடும் பந்தயத் திடல்கள். அங்கே ஓடிய குதிரைக்கு வேகத்தில் வலது திருப்பம் பழக்கம், இடது கூச்சம். வலது டிரம்மில் தொடங்கினால் ஒரு வலது திருப்பம், இரண்டு இடது திருப்பம். இடதில் தொடங்கினால் ஒரு இடது, இரண்டு வலது. இந்தக் குதிரைகளுக்கு இடதில் தொடங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். மேலும், வார் இறுகினால் சாய்ந்துகொண்டு ஓடத்தான் பந்தயத்தில் அவை பழகியவை. "இழு" என்பது அவற்றின் காதில் "ஓடு" என்று விழுகிறது. அதற்காகக் கடும் பிட் போட்டு, தலையைத் தூக்கவிடாமல் பிடிக்கும் வாரான டை-டவுனைக் குட்டையாகக் கட்டினால் வாய்தான் புண்ணாகும். சமநிலைக்குத் தேவையான கழுத்தும் கட்டுண்டுவிடும்.

மழைக்காலத்தில் கிக்குயூ புல்லின் மேல் பாய்ச்சல் வேண்டாம். மணல் இல்லாவிட்டால் டிராட்டோடு (மெல்லோட்டம்) நிறுத்துங்கள், தலைக்கவசம் எப்போதும் இருக்கட்டும்.

நேரத்தைப் பழக நல்ல பருவம் ஒன்று ஆண்டுதோறும் தானாகவே வருகிறது. ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கான தடுப்பூசி இரண்டு குப்பிகளாக, குறைந்தது மூன்று வார இடைவெளியில் போடப்படும். அந்த வாரங்களில் பாய்ச்சல் கூடாது. எவ்வளவு வேலை தரலாம் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். அவர் நடைக்கு அனுமதித்தால் அதுவே போதும். டிரம்மை நோக்கி நடத்துங்கள், 3 மீட்டர் கோட்டில் மூச்சை விட்டு உட்காருங்கள், வாரைத் தொடாதீர்கள். இரண்டு எட்டுக்குள் குதிரை நின்றால் அதற்குப் புரிந்துவிட்டது. நிற்காவிட்டால் வாரால் மெதுவாக நிறுத்தி, மூன்று எட்டு பின்னால் எடுத்து, கழுத்தைத் தட்டிக் கொடுத்து மறுபடி நடத்துங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து முறை. அதற்கு மேல் குதிரைக்கும் சலிக்கும், பிள்ளைக்கும் சலிக்கும். வேலி ஓரம் நிற்கிற மாமாவுக்கும் ஒரு வேலை உண்டு: குதிரையின் மூக்கு கோட்டைத் தொடும்போது "உட்கார்" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.